முதல் முறை தியான இல்லத்துக்குப் போகிறவர்களுக்கு: முன்பதிவிலிருந்து வீடு திரும்பும் வரை

'எங்கேயாவது போய் நாலு நாள் கர்த்தருடைய பாதத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்' என்று தோன்றும் அளவுக்கு மனசு அசந்துபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யாரைக் கேட்டாலும் 'போயிட்டு வாங்க, நல்லா இருக்கும்' என்றார்கள். எங்கே போவது, எப்போது கேட்பது, என்ன செலவாகும், எந்தக் காகிதம் வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் தடுமாற வேண்டாம்.

நான் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையை, அதாவது கத்தோலிக்கம் அல்லாத சபையைச் சேர்ந்த ஆள். ஆனால் நம் பக்கத்தில் தங்கி இளைப்பாறும் இல்லங்களில் பெரும்பாலானவை கத்தோலிக்கத் துறவு சபைகள் நடத்துபவை. அதனால் கீழே வருவதில் பாதி, கத்தோலிக்கர் அல்லாதவர் அங்கே போய் எப்படி நடந்துகொள்வது என்பதும்தான்.

1. களைப்பா, நோயா என்று முதலில் பாருங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவிக்கான அரசின் இலவச எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தியானம் அப்புறம்.

இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடுமையான மனச்சோர்வில் இருப்பவரைப் பேச்சும் துணையும் இல்லாத அறையில் நாலு நாள் உட்கார வைத்தால் சோர்வு கூடிவிடக்கூடும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் 'மௌன தியானத்துக்குப் போகலாமா' என்று நேரடியாகக் கேளுங்கள். போகலாம் என்றால், அந்த விவரத்தைத் தியானம் நடத்தும் குருவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்துப் போகிற விஷயம் இல்லை இது.

2. எந்த மாதிரி தியானம் என்று தெரிந்துகொண்டு போங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். 'தியானம்' என்ற ஒரே பேரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது அருங்கொடை தியானம். பிரசங்கம், பாட்டு, கைதட்டல், கண்ணீர் ஜெபம், குணமளிக்கும் வழிபாடு, நற்கருணை ஆராதனை என்று காலையிலிருந்து இரவு வரை நிகழ்ச்சி இருக்கும். கேரளத்தில் சாலக்குடிக்குப் பக்கத்தில் முரிங்கூரில் வின்சென்சியன் சபையினர் நடத்தும் டிவைன் தியான மையம் இதற்குப் பெயர்போனது. ஞாயிறு தொடங்கி வெள்ளி முடிகிற தியானம். தமிழிலும் நடத்துகிறார்கள், எந்த வாரம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கூட்டம் பெரிது. வாய்விட்டு அழ வேண்டும், நாலு பேரோடு சேர்ந்து பாட வேண்டும், தனிமையே ஆகாது என்பவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து மாதக்கணக்கில் தூக்கமில்லாதவருக்கு ஒத்துவராது. ஒலிபெருக்கி ஓயவே ஓயாத ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு, போனதை விட அதிகக் களைப்போடு நான் திரும்பியிருக்கிறேன். அந்த இடத்தின் மேல் தப்பில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் போனில் 'அமைதியாத்தான் இருக்கும்' என்றார்களே, அது தப்புதான்.

இரண்டாவது மௌன தியானம். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மீகப் பயிற்சிகளின் வழியில் அந்தச் சபையினர் நடத்துவது. சென்னை மந்தைவெளியில் உள்ள தியான ஆசிரமம் அப்படிப்பட்ட இல்லம். முழுப் பயிற்சி 30 நாள். சுருக்கமாக 8 நாள். முதல் தடவை வருகிறவர்களுக்கு வார இறுதி அல்லது 3 நாள் தியானங்களும் உண்டு. பேச்சு கிடையாது. நாளுக்கு ஒரு முறை வழிகாட்டும் குருவையோ சகோதரியையோ பார்த்து அரை மணி நேரம் பேசலாம். அவர் வேத பகுதிகளைக் குறித்துக் கொடுப்பார். மீதி நேரம் நீங்களும் கடவுளும். எடுத்த எடுப்பில் 8 நாள் கேட்காதீர்கள். மூன்றாம் நாள் மதியமே பலருக்குத் தாங்காமல் போய்விடும்.

மூன்றாவது ஆசிரமம். இங்கே 'நிகழ்ச்சி' என்று ஒன்றும் இல்லை. வேளாவேளைக்கு வழிபாடு, வேளாவேளைக்குச் சாப்பாடு, நடுவில் உள்ள நேரம் உங்களுடையது. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையோரம் இருக்கிற சாந்திவனம் இதற்கு நல்ல உதாரணம். பெனடிக்ட் வழித் துறவிகள் நடத்துகிறார்கள். சைவச் சாப்பாடு, எளிமையான அறை, நிறைய மரம். ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே வழிபாட்டில் வடமொழி மந்திரங்களும் பிற சமய நூல்களிலிருந்து வாசிப்பும் வரும், கோயில் அமைப்பும் நம் ஊர்க் கோபுரச் சாயலில் இருக்கும். சிலருக்கு இது மனசுக்கு நெருக்கமாக இருக்கும். கட்டுப்பாடான சபையில் வளர்ந்த சிலருக்கு முதல் வேளையிலேயே உறுத்தும். உறுத்தும் என்று தோன்றினால் வேறு இடம் பாருங்கள். ஓய்வுக்குப் போன இடத்தில் மனசுக்குள் விவாதம் நடத்திக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த மூன்றிலும் சேராதது நம் பக்கத்து உபவாச ஜெபம். ஒரு நாள் முழுக்கப் பட்டினி, கூட்ட ஜெபம். அதற்கென்று ஒரு பலன் உண்டு, நானும் போகிறவன்தான். ஆனால் ஏற்கெனவே சோர்ந்த உடம்புக்கு அது ஓய்வு ஆகாது. சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே வேண்டாம்.

வேளாங்கண்ணியையும் பலர் சொல்வார்கள். அது திருத்தலம், தியான இல்லம் இல்லை. கடற்கரையும் கோயிலுமாக ரெண்டு நாள் இருந்துவிட்டு வர நல்ல இடம்தான். ஆனால் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். ஓய்வு தேடிப் போகிறவருக்கு அது நேரமில்லை.

என் அபிப்பிராயம் இது: இடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், அங்கே எவ்வளவு சத்தம் என்று பாருங்கள். களைத்தவருக்குச் சத்தம் குறைந்த இடம். வறண்டு போனவருக்குப் பாட்டு உள்ள இடம்.

3. தேதியைப் பிடிப்பது

மூன்று இரவுக்குக் குறைவாகப் போவதில் பிரயோசனம் இல்லை. முதல் நாள் பயணக் களைப்பிலும் வீட்டு நினைப்பிலும் போய்விடும். கடைசி நாள் மூட்டை கட்டுவதில் போய்விடும். நடுவில் முழுசாக ரெண்டு நாளாவது வேண்டும்.

தவக்காலமும் பரிசுத்த வாரமும் எல்லா இல்லங்களிலும் நெருக்கடியான காலம். மே மாதத்தில் குருக்களும் கன்னியரும் தங்கள் ஆண்டுத் தியானத்துக்குக் கூட்டமாக அறைகளை எடுத்துக்கொள்வார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால். பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த பிறகு ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வார நாட்களில் கேட்டால் இடம் கிடைப்பது சுலபம். காவிரிக் கரை என்றதும் குளுகுளுவென்று நினைத்துக்கொண்டு ஏப்ரலில் போகாதீர்கள். குளித்தலை வெயில் குளித்தலை வெயில்தான்.

கொடைக்கானல் பக்கம் ஏதாவது இல்லம் கிடைத்தால், சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்தில் வந்த ஏற்பாடு இது. இணையத்தில் பதிந்தால் போதும், ஆனால் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு அலைபேசியில் சிக்னல் தேடாதீர்கள்.

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் இல்லத்தில் இடம் உறுதி, அடுத்து அலுவலக விடுப்பு, கடைசியில் டிக்கெட். சாந்திவனத்துக்குத் திருச்சியிலிருந்து கரூர் போகும் பஸ்ஸில் ஏறலாம். ரயிலில் வந்தால் குளித்தலையில் இறங்கி ஆட்டோ. முரிங்கூருக்குச் சாலக்குடியில் இறங்குங்கள். பக்கத்திலேயே டிவைன் நகர் என்று சின்ன நிலையமும் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது.

வீட்டில் நோயாளியையோ சின்னப் பிள்ளைகளையோ வைத்திருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் இடத்தில் யார் இருப்பார் என்று முடிவு செய்வது. 'பார்த்துக்கலாம்' என்று சொல்கிற நாலு சொந்தக்காரரை விட, 'புதன் ராத்திரி நான் வர்றேன்' என்று சொல்கிற ஒருவர் மேல். மாத்திரை வேளைகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். மருத்துவர் எண், ஆம்புலன்ஸுக்கு 108, பக்கத்து வீட்டு எண், மூன்றும் அதே தாளில்.

4. போனில் கேட்க வேண்டியவை

பெரும்பாலான இல்லங்களில் போனை எடுப்பவர் அலுவலகச் சகோதரி ஒருவராகவோ வயதான குருவாகவோ இருப்பார். சாப்பாட்டு நேரம், வழிபாட்டு நேரம் தவிர்த்து, காலை பத்து மணி வாக்கில் கூப்பிடுங்கள். 'சிஸ்டர், தியானம் பண்ண வரலாம்னு இருக்கேன்' என்று தொடங்கினால் போதும். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

- இது போதனை தியானமா, மௌன தியானமா, சும்மா தங்கி ஜெபிக்கவும் விடுவீர்களா?
- அந்தத் தேதிகளில் வேறு குழு ஏதாவது தங்குகிறதா? இளைஞர் முகாம் இருந்தால் மௌனத்தை மறந்துவிடலாம்.
- தனி அறையா, பொது அறையா? கழிப்பறை உள்ளேயா, வெளியேயா? மாடியா? மூட்டுவலிக்காரர்கள் இதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.
- வழிகாட்டி தமிழில் பேசுவாரா?
- கத்தோலிக்கர் அல்லாதவர், கிறிஸ்தவர் அல்லாதவர் வரலாமா? பெரும்பாலும் 'தாராளமாக' என்றுதான் பதில் வரும்.
- பெண் தனியாக வந்தால் அறை தருவீர்களா? சில இடங்களில் தருவதில்லை, அல்லது பக்கத்துக் கன்னியர் இல்லத்தில் தங்க வைப்பார்கள்.
- எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும்? ராத்திரி வாசற்கதவைச் சாத்திவிடுவார்கள்.

பேசி முடித்ததும் பெயர், தேதி, வந்து சேரும் நேரம் மூன்றையும் வாட்ஸப்பில் அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் வாங்கிய இடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அந்த நோட்டு அன்றைக்கு வேறு யார் கையிலாவது இருக்கும்.

5. காகிதங்கள்

ஆதார் அட்டை நகல் ஒன்று, மூலமும் கையில். தம்பதிகள் இருவருடையதும். முதல் முறை வருகிறவர்களிடமும் இளைஞர்களிடமும் சில இல்லங்கள் பங்குத்தந்தையிடமிருந்தோ போதகரிடமிருந்தோ ஒரு அறிமுகக் கடிதம் கேட்கும். கேட்காவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 'இவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர், தியானத்துக்காக வருகிறார்' என்று ரெண்டு வரி, கையெழுத்து, முத்திரை. போதகர் ஊரில் இல்லாத வாரத்தில் போய் நிற்காமல் முந்தின ஞாயிறே ஆராதனை முடிந்ததும் கேட்டுவிடுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டு, விசா இரண்டின் நகலையும் கொண்டு வர வேண்டும். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைக் குடியேற்ற அலுவலகத்துக்கு இணையத்தில் அனுப்ப வேண்டியது தங்க வைப்பவரின் கடமை. சின்ன இல்லங்கள் சில இந்த வேலைக்குப் பயந்தே வெளிநாட்டவரை மறுத்துவிடும். முன்பே கேட்டுவிட்டால் விமான டிக்கெட் வீணாகாது.

மருந்து எடுப்பவர்கள் மருத்துவரின் சீட்டையும், தங்கும் நாளுக்கு மேல் ரெண்டு நாள் மாத்திரையையும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப்பள்ளி போன்ற இடத்தில் நினைத்த மாத்திரை நினைத்த நேரத்தில் கிடைக்காது.

6. செலவு

பல ஆசிரமங்களில் கட்டணம் என்று பலகை இருக்காது. 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்பார்கள். இது ரொம்பப் பெருந்தன்மையான பேச்சு, ஆனால் புதிதாகப் போகிறவருக்குப் பெரிய சங்கடம். நான் வைத்திருக்கும் கணக்கு இது: அந்த ஊரில் ஒரு சாதாரண லாட்ஜ் அறையின் ஒரு நாள் வாடகை, அதோடு மெஸ்ஸில் மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு டீயும். இதைக் கூட்டி, தங்கிய நாட்களால் பெருக்கினால் வருவது நியாயமான காணிக்கை. வசதி உள்ளவர் கூட்டிக் கொடுக்கலாம். இல்லாதவர் பாதி கொடுக்கலாம். 'இப்போ இவ்வளவுதான் முடியும்' என்று வாய்திறந்து சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கட்டணம் வைத்திருக்கும் இல்லங்களில் அறை, உணவு, வழிகாட்டி மூன்றும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். 8 நாள் மௌன தியானத்தில் வழிகாட்டிக்குத் தனியாகக் காணிக்கை கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கையில் ரொக்கம் இருக்கட்டும். எல்லா இடத்திலும் யூபிஐ ஓடாது.

வருமான வரிக் கழிவு எதிர்பார்த்து ரசீது கேட்பவர்களுக்கு: வரிக் கழிவுக்கென்று பதிவு உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்த நன்கொடைக்குத்தான் அது செல்லும், பழைய வரி முறையில்தான் செல்லும், ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் செல்லாது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்ததை நன்கொடை என்று காட்டுவது எப்படியும் சரியில்லை. விட்டுவிடுங்கள்.

7. மூட்டை

உங்கள் சொந்த வேதாகமம், கோடு போட்ட நோட்டு, ரெண்டு பேனா, டார்ச், போர்வை, கொசுவர்த்தி அல்லது களிம்பு, தண்ணீர்ப் பாட்டில், நடக்கத் தோதான செருப்பு. அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம், ஏனென்றால் அலைபேசியை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள், அல்லது நீங்களே ஒப்படைக்க வேண்டும். ஆன்மீகப் புத்தகங்கள் அஞ்சாறு எடுத்துப் போகாதீர்கள். படித்துக்கொண்டே இருப்பதும் தப்பி ஓடுவதுதான்.

8. முதல் நாள் தூங்குங்கள்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா ஓடிப்போய் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான். அப்போது அவனுக்கு யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்குகிறான். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தருகிறான். தின்றுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறான். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். அதன் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பின்னால்தான் கர்த்தர் அவனிடம் 'இங்கே உனக்கு என்ன வேலை' என்று பேச்சை ஆரம்பிக்கிறார்.

இந்த வரிசையைக் கலைக்காதீர்கள். வந்து சேர்ந்த அன்று குளித்து, சாப்பிட்டு, ராத்திரி ஏழு மணிக்குத் தூக்கம் வந்தால் ஏழு மணிக்கே படுங்கள். மறுநாள் காலை வழிபாட்டை விட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள். 'இவ்வளவு தூரம் வந்து தூங்கவா' என்ற குற்ற உணர்ச்சி கட்டாயம் வரும், அதற்கு எலியாவைக் காட்டுங்கள். பகலில் தூங்கி எழுந்தபோது எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் புரியாமல், மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்து, 'இப்போது யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை' என்று உறைத்தபோதுதான் எனக்கு முதல் சொட்டுக் கண்ணீர் வந்தது. ஜெபத்தில் இல்லை.

சாப்பாட்டு அறையிலும் மௌனம் இருக்கலாம். ரசம் வேண்டுமென்றால் கையைக் காட்டினால் வாளி நகர்ந்து வரும். தட்டை நீங்களே கழுவி வைக்க வேண்டும். முன்னால் போகிறவர் எந்தத் தொட்டியில் கழுவுகிறார், எங்கே கவிழ்க்கிறார் என்று பார்த்துக்கொண்டால் போதும். ரெண்டு வேளையில் பழகிவிடும். எதிரே இருப்பவரிடம் ஊர் பேர் விசாரிக்காமல் சாப்பிடுவது நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்!

9. வேதத்தோடு ஒரு நாள்

வீட்டில் அதிகாரம் அதிகாரமாக வாசித்த பழக்கத்தை இங்கே ஒதுக்கி வையுங்கள். ஏழெட்டு வசனம் போதும். வாய்க்குள் கேட்கும்படி மெதுவாக ஒரு தடவை வாசியுங்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். இரண்டாம் தடவை வாசிக்கும்போது எந்தச் சொல்லில் மனம் தட்டுகிறதோ அங்கே நில்லுங்கள், மேலே போக வேண்டாம். இருபது நிமிஷம் அந்தச் சொல்லோடு இருங்கள். அப்புறம் அதைப் பற்றிக் கர்த்தரிடம் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே பேசுங்கள். கடைசியில் நோட்டில் மூன்றே வரி, தேதியோடு.

நாளுக்கு இப்படி மூன்று வேளை. அதற்கு மேல் வேண்டாம். நடுவில் நடை, துணி துவைப்பது, தோட்டத்தில் இலை பெருக்குவது. கை வேலை செய்யும்போதுதான் காலையில் வாசித்தது உள்ளே இறங்கும்.

களைப்போடு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பகுதிகள்: எலியாவின் அந்த அதிகாரம், சீஷர்களைத் தனியிடத்துக்கு இளைப்பாற அழைக்கும் மாற்கு 6:30–32, 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே' என்று தொடங்கும் மத்தேயு 11:28–30, மூன்றே வசனமுள்ள சங்கீதம் 131, உயிர்த்த இயேசு கரையில் கரிநெருப்புப் போட்டு மீனும் அப்பமும் வைத்துக் கூப்பிடும் யோவான் 21. மனதில் கோபம் இருந்தால் சங்கீதம் 13. எவ்வளவு காலம், கர்த்தாவே என்று நாலு தடவை கேட்கிறது அது. துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கீதம் 88. அது ஆறுதலில் முடியாது, இருளில்தான் முடியும். அப்படி ஒரு ஜெபமும் வேதத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனத்தை இப்போதைக்கு அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் மதியம் வாக்கில் மனசு கெட்ட கெட்ட விஷயங்களை எல்லாம் கிளறும். பழைய சண்டை, சொத்துப் பிரச்சினை, செத்துப்போனவரிடம் கேட்க விட்டுப்போன மன்னிப்பு. இடம் சரியில்லை, கிளம்பிவிடலாம் என்று தோன்றும். கிளம்பாதீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் வழிகாட்டியைப் பாருங்கள்.

10. வழிகாட்டியிடம் பேசுவது, ஒப்புரவு

நீட்டி முழக்கிக் கதை சொல்ல வேண்டியதில்லை. இன்று எந்தப் பகுதி வாசித்தேன், எங்கே மனம் தட்டியது, எங்கே முரண்டு பிடித்தது, இந்த மூன்றைச் சொன்னால் அவர் பிடித்துக்கொள்வார். நல்ல வழிகாட்டி குறைவாகப் பேசுவார். உங்களை விட அதிகமாக அவர் பேசுகிறார் என்றால் மறுநாள் வேறொருவரைக் கேட்கலாம், தப்பில்லை.

கத்தோலிக்கர்களுக்கு, பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அங்கே சொல்வதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். நம்மைப் போன்ற பிற சபையார் அதே குருவிடம் 'ஃபாதர், மனசு விட்டுப் பேசணும்' என்று கேட்டால் உட்கார்ந்து கேட்பார், ஜெபிப்பார். திருப்பலிக்கு, அதாவது அவர்களுடைய நற்கருணை வழிபாட்டுக்கு, தாராளமாகப் போய் உட்காரலாம், பாடலாம். நற்கருணை வாங்கும்போது மட்டும் இருக்கையிலேயே இருங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து வரிசையில் போனால் சில இடங்களில் ஆசீர்வதித்து அனுப்புவார்கள். ஜெபமாலை சொல்லும்போது கூடச் சொல்லத் தோன்றாவிட்டால் சும்மா இருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

11. மாட்டிக்கொள்ளக் கூடாத இடங்கள்

'மாத்திரையை நிறுத்து, விசுவாசம் வை' என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படாதபாடு படும்.

உங்கள் நோய்க்கு உங்கள் வீட்டில் ஒருவர்தான் காரணம் என்று 'வெளிப்பாடு' சொல்பவர்கள், மாமியார் செய்வினை, முன்னோர் சாபம் என்று ஆரம்பிப்பவர்கள், இவர்கள் பேச்சு ஊருக்குத் திரும்பிய பின்னும் குடும்பத்தைக் கலைக்கும்.

இவ்வளவு காணிக்கை விதைத்தால் இவ்வளவு ஆசீர்வாதம் என்று கணக்குச் சொல்கிற இடம் உங்களுக்கு இளைப்பாறுதல் தராது, கடன்தான் தரும்.

வயது வந்த பெண்ணோ பையனோ தனியாக வழிகாட்டியைப் பார்க்கும்போது, கதவு திறந்திருக்கும் அறையிலோ தோட்டத்துப் பெஞ்சிலோ பார்ப்பதுதான் முறை. அப்படி இல்லையென்றால் 'வெளியே உட்காரலாமா ஃபாதர்' என்று கேட்க உரிமை உண்டு.

இன்னொன்று. தியானத்தில் இருக்கும்போது வேலையை விடுவது, வீட்டை விற்பது, திருமணத்தை முறிப்பது, கன்னியர் மடத்தில் சேர்வது என்று எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். மனம் இருண்டிருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரே வைத்த விதி. மனம் பொங்கி வழியும்போதும் ஒரு மாதம் பொறுப்பது நல்லது என்பேன் நான்.

12. வீடு திரும்பிய பின்

முடிந்தால் வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் காலையிலேயே வீடு வந்துவிடுங்கள். ஞாயிறு இரவு ரயிலில் வந்து திங்கள் காலை அலுவலகத்தில் நின்றால் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரு மின்னஞ்சல் பெட்டியில் கரைந்துவிடும். வந்ததும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அனுபவத்தைக் கொட்டாதீர்கள். துணைவரிடமோ போதகரிடமோ மட்டும் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு முதலில் நன்றி சொல்லி, ஒரு ராத்திரி அவரைத் தூங்க விடுங்கள்.

அன்றாடத்தில் தக்கவைப்பதற்குப் பெரிய திட்டம் போட்டால் ஒரு வாரம் தாங்காது. காலையில் பதினைந்து நிமிஷம் அந்த ஏழெட்டு வசன வாசிப்பு, வாரத்தில் ஒரு அரை நாள் அலைபேசி இல்லாமல். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு, கமிட்டிக் கூட்டம் என்று மாலை வரை ஆலயத்திலேயே ஓடுகிறவர்கள் அதில் ஒன்றையாவது ஆறு மாதத்துக்கு ஒப்படைத்துவிடுங்கள். போதகர் கொஞ்சம் வருத்தப்படுவார்தான். விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது: இஞ்ஞாசியார் பயிற்சிகளை வீட்டிலிருந்தபடியே, தினம் ஒரு மணி நேரமும் வாரம் ஒரு முறை வழிகாட்டியோடு சந்திப்புமாகப் பல மாதங்களுக்கு நீட்டிச் செய்யலாம். இயேசு சபை இல்லங்களில் 'அன்றாட வாழ்வில் தியானம்' என்று கேட்டால் விவரம் சொல்வார்கள்.

கிளம்பும் நாளில் அறையைப் பெருக்கி, விரிப்பை மடித்து வைத்து, சாவியை அலுவலகத்தில் கொடுக்கும்போது அடுத்த ஆண்டுக்கான தியான அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் அச்சாகவில்லை என்றால் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வார இறுதி மௌன தியானங்களில் இடம் குறைவு, தெரிந்தவர்களே நிரப்பிவிடுவார்கள்.